மண்ணில் விழுந்த முத்திரை

நிலம் தன் மேல்மண்ணை இழப்பது, நோயாளி ஒருவர் நாள்தோறும் சிறிது சிறிதாக மெலிவதைப்போல, உடனிருப்பவர் கண்ணுக்குப் புலப்படாமலே நடந்துவிடும் காரியம். ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் கனம் மண் போகின்ற வயலில், உழுபவர் தம் ஆயுள் முழுவதும் அதே வரப்பின்மேல் நடந்து, அதே முனையில் ஏரைத் திருப்பினாலும், தம் காலடியில் நிலம் தாழ்ந்துகொண்டே வருகிறது என்று உணர மாட்டார். ஆனால் அந்த 1 மில்லிமீட்டரை ஓர் ஏக்கர் பரப்பின்மேல் விரித்துக் கணக்கிட்டால், ஆண்டுதோறும் 5 டன்னுக்கு மேற்பட்ட மண், அதுவும் பயிருக்கு வேண்டிய சத்தெல்லாம் திரண்டிருக்கும் மேல்மண், அவருடைய நிலத்தைவிட்டு வெளியேறியிருப்பது தெரியவரும். போன மண்ணை இயற்கை மீண்டும் உண்டாக்கித் தருவதில்லையா என்றால், தருகிறது; ஆனால் பாறை சிதைந்து மண்ணாவதற்குப் பிடிக்கும் காலம், அந்த மண் மழையில் கரைந்தோடுவதற்குப் பிடிக்கும் காலத்தைப்போலப் பல மடங்கு.

இந்த இழப்பை அளந்தறிய வேண்டும் என்ற எண்ணம் விஞ்ஞானிகளுக்கு நெடுநாளாக உண்டு. அமெரிக்காவில் மிஸௌரிப் பல்கலைக்கழகத்தார் 1917-லேயே சரிவான நிலத்தில் சிறு சிறு பாத்திகளைப் பலகை வைத்து அடைத்து, ஒவ்வொன்றின் அடிவாரத்திலும் ஒரு தொட்டியைப் புதைத்து, மழை பெய்யுந்தோறும் அதில் வந்து தேங்கிய சேற்றை உலர்த்தி நிறுத்துப் பார்த்தனர். சிரத்தை மிக்க அந்த முயற்சியால் பெரும் பயன் விளைந்தது உண்மையே. ஆயினும் பாத்தியைச் சுற்றி அடைத்த பலகையே நீரின் இயல்பான போக்கை மாற்றிவிடுகிறது. பத்து ஆண்டுக் கணக்கு வேண்டுமென்றால் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பாத்தியைவிட்டு எவ்வளவு மண் போயிற்று என்பதைத்தான் தொட்டி சொல்லுமே தவிர, மேட்டிலிருந்து புறப்பட்ட மண் பள்ளத்தில் எங்கே தங்கிற்று என்பதைச் சொல்லாது. ஒவ்வொரு மண்துகளின்மேலும் ஓர் அழியாத முத்திரையை ஒரே காலத்தில், ஊர் ஊராக, நாடு நாடாக இட்டுவைத்துவிட்டுப் பின்னால் போய் அந்த முத்திரைகள் எங்கெங்கே குறைந்திருக்கின்றன, எங்கெங்கே குவிந்திருக்கின்றன என்று எண்ண முடியுமானால் மட்டுமே அந்த வினாவுக்கு விடை கிடைக்கும். அப்படிப்பட்ட பரிசோதனையை நடத்த எந்த ஆராய்ச்சி நிலையமும் துணிந்திராது. எந்த அரசும் அதற்குப் பணம் ஒதுக்கியிராது. ஆனால் அது நடந்தேவிட்டது. நடத்தியவர்கள் மண்ணைப் பற்றிக் கனவிலும் நினைத்தவர்கள் அல்லர்.

1952 நவம்பர் முதல் நாள் பசிபிக் சமுத்திரத்தில் எனிவெடோக் என்னும் பவழத்தீவில் அமெரிக்கர் வெடித்த முதல் ஹைட்ரஜன் சாதனம், அது வைக்கப்பட்டிருந்த சிறு தீவையே இல்லாமற் செய்தது. 1954 மார்ச்சு முதல் நாள் பிக்கினித் தீவில் வெடித்த குண்டு, கணக்கிட்டிருந்ததைவிட இரண்டரை மடங்கு வலிமையோடு, 15 மெகாடன் அளவில் வெடித்ததனால், அபாய எல்லை என்று அறிவித்திருந்த பரப்புக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின்மேல் வெண்ணிறச் சாம்பல் மழைபோல் விழுந்தது; படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர்; அவர்களுள் வானொலிக் கருவியை இயக்கியவர் அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார். 1961 அக்டோபர் 30-ஆம் நாள் வட துருவத்தை அடுத்த நோவயா ஸெம்லியாவில் சோவியத்து நாட்டார் வெடித்தது ஏறத்தாழ 50 மெகாடன். இவற்றின் விளைவாகப் பிறந்த அற்புதமான ஓர் ஆராய்ச்சி முறையைப் பற்றி எழுதப் புகுமுன், இவை மனித குலத்தின்மேல் இழைக்கப்பட்ட அநீதிகள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் வந்த எந்தப் பயனும் அந்த அநீதிக்கு ஈடாகாது; விழுந்துவிட்ட தூசியை நல்ல காரியத்துக்குப் பிரயோகிப்பது வேறு, விழச்செய்ததை நியாயப்படுத்துவது வேறு.

இந்தப் பெருங்குண்டுகளின் நெருப்புக்கோளம், மேகங்கள் உலவும் கீழ்வானத்தைத் துளைத்துக்கொண்டு, மழையும் மேகமும் இல்லாத அடுக்கு மண்டலத்துக்குள் ஏறிவிடும். அங்கே சேர்ந்த நுண்தூசி, தன்னைக் கழுவி இறக்க மழை இல்லாத காரணத்தால், ஓராண்டு இரண்டாண்டு என்று உலகைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, ஒவ்வோர் இளவேனிற் காலத்திலும் நடு அட்சரேகைப் பிரதேசங்களின் மேலாகக் கீழ்வானத்துக்குள் கசிந்து, அங்கிருந்து மழையோடு மழையாகத் தரைக்கு வந்து சேரும். ஆகவே ஓரிடத்தில் விழுந்த அணுத்தூசியின் அளவு, குண்டு வெடித்த இடம் எவ்வளவு தொலைவு என்பதைவிட, அங்கே பெய்த மழை எவ்வளவு என்பதையே பெரிதும் பொறுத்திருந்தது. 1954 முதல் உலகெங்கும் அளக்கத் தக்க அளவில் விழத் தொடங்கிய இந்தத் தூசி, வல்லரசுகள் 1958 இறுதியில் சோதனைகளை நிறுத்திவைத்தபோது சற்றுத் தணிந்து, 1961, 1962 ஆண்டுகளின் வெடிப்புக்களால் மீண்டும் பெருகி, 1963-ல் வட கோளத்தில் உச்சத்தை எட்டிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் மாஸ்கோவில் அமெரிக்காவும் சோவியத்து நாடும் பிரிட்டனும், வாயுமண்டலத்தில் சோதனை செய்வதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்பின் பிரான்சும் சீனமும் செய்த சோதனைகள் சில உண்டெனினும், 1963-ன் உச்சத்துக்கு நிகராக மறுபடி ஒன்றும் எழவில்லை. மழையில் எழுதப்பட்ட அந்த மேடும் சரிவுமே நாம் படிக்கப்போகும் ஏடு.

குண்டு பிளந்த அணுக்களின் துண்டுகளாகப் பிறந்த நூற்றுக்கணக்கான பொருள்களுள் பெரும்பாலானவை சில நாழிகையிலோ சில நாளிலோ மடிந்துபோயின. நம் காரியத்துக்கு உதவுவது சீசியம்-137. சீசியம் என்ற தனிமத்தை 1860-ல் ஜெர்மனியில் பன்சனும் கிர்க்ஹாஃபும் ஓர் ஊற்றுநீரைக் காய்ச்சி வடித்த கசட்டில், நிறமாலையில் தெரிந்த இரண்டு நீலக் கோடுகளைக் கொண்டு கண்டுபிடித்து, வானத்து நீலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லையே அதற்குப் பெயராக இட்டனர். அதன் கதிரியக்க வடிவமாகிய 137-ஐ 1941-ல் கலிபோர்னியாவில் கிளென் ஸீபோர்க்கும், அப்போது இளங்கலை மாணவியாக இருந்த மார்கரெட் மெல்ஹேஸும் கண்டறிந்தனர். அதன் அரை ஆயுள் 30 ஆண்டு. அதாவது எவ்வளவு இருந்தாலும் 30 ஆண்டில் பாதியாகும், 60 ஆண்டில் காற்பங்காகும்.

அதன் ஆயுளைவிட நமக்கு வாய்ப்பாக அமைந்தது அதன் சுபாவம். நாம் காக்காப்பொன் என்று சொல்லும் அப்பிரகம், ஏடு ஏடாகப் பிரியக்கூடியது என்பது குழந்தைகளுக்கும் தெரியும். களிமண்ணிலுள்ள கனிமங்கள் சிலவும் அவ்வாறே ஏடுகளால் ஆனவை. அந்த ஏடுகளின் இடுக்கில் பொட்டாசியம் அணுக்கள் அமர்ந்து அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். வானிலையாலும் மழையாலும் ஓரங்கள் நைந்து, ஏடுகள் சிறிது விரிந்திருக்கும் இடங்களில், பொட்டாசியத்தின் இனத்தைச் சேர்ந்த சீசியம் வந்து நுழைந்துகொள்கிறது. நுழைந்தபின் அதை வெளியேற்றுவது மிகக் கடினம். மழையோடு விழுந்த சீசியம் அணு, சில அங்குல ஆழம் இறங்குவதற்குள் ஒரு களிமண் துகளைப் பற்றிக்கொண்டு, அதன்பின் அந்தத் துகள் போகுமிடமெல்லாம் உடன் போகிறது. உழாத புல்தரையில் தோண்டிப் பார்த்தால், அறுபது ஆண்டு மழைக்குப் பின்னும் அதில் பெரும்பகுதி மேலே 15 சென்டிமீட்டருக்குள்ளேயே நிற்கக் காணலாம். உழுத வயலிலோ, கொழு எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு ஆழத்துக்கு ஒரே சீராகக் கலந்து நின்று, அதற்குக் கீழே சட்டென்று மறைந்துவிடும்.

மண்ணோடு கதிரியக்கப் பொருளும் ஓடுகிறது என்பதை 1960-லேயே மென்ஸல் என்ற அமெரிக்கர், ஓடுநீரில் அடித்துச் செல்லப்பட்ட ஸ்டிரான்சியத்தைக் கொண்டு காட்டியிருந்தார். அதைத் தொடர்ந்து சீசியத்தை ஒரு முறையான அளவுகோலாக வளர்த்தவர்களுள், மிஸிஸிப்பி மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஊரில் அமெரிக்க விவசாய இலாகாவின் வண்டல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ரிச்சியும் மெக்ஹென்றியும் முதன்மையானவர்கள். பின்னாளில் இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்து வாலிங்கும் அவருடைய மாணவர்களும் அதைப் பல நாட்டு நிலங்களுக்குக் கொண்டு சென்றனர்.

முறையின் அடிப்படை மிக எளிது. முதலில், அணுத்தூசி விழுந்த நாள்முதல் உழப்படாமலும் அரிக்கப்படாமலும், பிற இடத்து மண் வந்து படியாமலும் கிடக்கும் சமதரை ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய மாதாகோயில் முற்றங்களும், நெடுநாள் மேய்ச்சல் தரைகளும் இதற்கு உதவியிருக்கின்றன. அங்கே உள்ள சீசியத்தின் மொத்தமே வானம் அந்த ஊருக்குக் கொடுத்த அளவு. பிறகு ஆராய வேண்டிய வயலில் வரிசை வரிசையாகக் குழாய் இறக்கி மண் எடுத்து, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் மண் போயிற்று. மிகுந்திருந்தால் மண் வந்தது. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சமதரையில் ஒரு சதுர மீட்டருக்கு 2,000 பெக்கெரல் (விநாடிக்கு 2,000 அணுக்களின் சிதைவு), வயலின் ஒரு புள்ளியில் 1,500. காற்பங்கு குறைந்திருக்கிறது. உழவின் ஆழம் 20 சென்டிமீட்டர் என்றால், அந்த அடுக்கின் காற்பங்காகிய 5 சென்டிமீட்டர் மண் போயிருக்க வேண்டும்; 50 ஆண்டில் 5 சென்டிமீட்டர் என்பது ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர். முதலில் நாம் சொன்ன, உழுபவர் கண்ணுக்குத் தெரியாத அந்த இழப்பு இதுதான். உண்மையில் இந்தக் கணக்கு இத்துணை எளிதாக முடிந்துவிடாது. மண் போகப்போக அடியிலுள்ள சீசியமற்ற மண்ணைக் கொழு மேலே கொண்டுவந்து கலப்பதையும், தூசி ஒரே நாளில் விழாமல் பல ஆண்டு விழுந்ததையும் சேர்த்துக்கொள்ளும் நுட்பமான சமன்பாடுகள் உண்டு. ஆனால் அவற்றின் கரு இதுவே.

அளக்கும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. உலர்த்திச் சலித்த மண்ணை ஒரு டப்பாவிலிட்டு, கனத்த காரீயச் சுவருக்குள், திரவ நைட்ரஜனால் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்ட ஜெர்மேனியம் என்னும் தனிமத்தின் படிகத்தின்மேல் வைத்துவிட்டு, சில சமயம் ஒரு முழு நாள் காத்திருக்கிறார்கள். சீசியம் சிதைந்து உண்டாகும் பேரியம் வெளிவிடும் காமாக் கதிருக்கு 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டு என்ற தனி ஆற்றல் உண்டு. அந்த ஓர் எண்ணில் விழும் எண்ணிக்கையே அடையாளம். ஒரு கிலோ மண்ணில் சில பெக்கெரல், அதாவது விநாடிக்குச் சில அணுக்களின் சிதைவு, என்பதே பெரும்பாலும் கிடைப்பது. அதே மண்ணில் உலகம் தோன்றிய நாள்முதல் இருந்துவரும் பொட்டாசியத்தின் கதிரியக்கம் கிலோவுக்குப் பல நூறு பெக்கெரல் என்பதை நினைத்தால், ஆரவாரம் மிக்க சந்தையில் ஒரு மெல்லிய குரலைப் பிரித்துக் கேட்கும் பொறுமை இதற்கு வேண்டியிருப்பது விளங்கும்.

இந்த முத்திரையைப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு, அவர்கள் தேடாத ஓர் உண்மை வாய்த்தது. இந்த இயலின் இன்பமெல்லாம் எனக்கு அதில்தான் இருக்கிறது. சரிவான நிலத்தில் நீர் மேட்டிலிருந்து புறப்படும்போது மெலிந்த படலமாக இருந்து, இறங்க இறங்கத் திரண்டு, ஓடையாகி வேகம் கொள்ளும். ஆகையால் மண் அதிகமாக அரிபட வேண்டிய இடம் நடுச்சரிவும் நீர் கூடும் தாழ்வுமே என்பது எல்லாரும் ஏற்றிருந்த சித்தாந்தம். ஆனால் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல வயல்களில் சீசியம் மிகக் குறைந்திருந்த இடம், நீர் இன்னும் ஓடவே தொடங்காத குன்றின் உச்சியும், வளைந்து இறங்கும் தோள்பகுதியும்! தாழ்வான குழிவுகளிலோ, அரிபட்டிருக்க வேண்டிய இடத்தில், மண் குவிந்து கிடந்தது. முதலில் இதை அளவின் பிழையென்றே சிலர் கருதியிருக்கக்கூடும். ஆனால் 1990-களில் பெல்ஜியத்தில் கோவர்ஸும், இங்கிலாந்தில் குவைனும், கனடாவில் லாபும் ஆராய்ந்து உரைத்த விடை, மழையையே குற்றவாளிக் கூண்டிலிருந்து பாதி விடுவித்தது. மண்ணை அங்கிருந்து இறக்கியது நீரன்று; ஏர்.

சரிவில் கீழ்நோக்கி உழும்போது கொழு புரட்டும் மண் சற்றுத் தொலைவு உருண்டு போகிறது. மேல்நோக்கி உழும்போது அவ்வளவு தொலைவு ஏறுவதில்லை. ஒவ்வோர் உழவிலும் இந்த இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசம் கீழ்நோக்கியே மிஞ்சுகிறது. சமமான சரிவில் மேலேயிருந்து வருவதும் கீழே போவதும் ஒத்துவிடுவதால் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் உச்சிக்கு மேலேயிருந்து மண் வருவதற்கு இடமில்லை, போவது மட்டும் உண்டு. அதனால் ஆண்டுக்கணக்கில் உழுத குன்றுகளின் உச்சி மொட்டையாகி, வெளிறிய அடிமண் தலை காட்டுகிறது. டிராக்டரும் கனத்த கலப்பையும் வந்தபின் இந்த நகர்ச்சி எத்தனையோ மடங்கு விரைவுபட்டது. இந்த மண் வயலைவிட்டு வெளியே போவதே இல்லையாதலால், அடிவாரத்துத் தொட்டியிலும் ஆற்று நீரிலும் அதன் சுவடு விழவில்லை. எத்தனை தொட்டி வைத்து எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் இது வெளிப்பட்டிராது. ஒவ்வொரு துகளின்மேலும் முத்திரை இருந்ததனால்தான், வயலுக்குள்ளேயே நடந்த இந்த மௌனமான இடமாற்றம் பிடிபட்டது.

வயலைவிட்டு வெளியேறிய மண்ணின் கதையை இனிப் பார்ப்போம். அது கடைசியில் போய்ச் சேரும் இடங்களுள் ஏரி ஒன்று; ஏரியின் அடியில் ஆண்டுக்கு ஆண்டு வண்டல் படிந்து, கீழுள்ளது பழையது, மேலுள்ளது புதியது என்ற ஒழுங்கில் அடுக்கடுக்காக நிற்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரி நாடு என்று வழங்கும் மலைப்பிரதேசத்தில் விண்டர்மியர் என்ற நீண்ட ஏரி உண்டு. அதன் கரையில் 1929-ல் நன்னீர் உயிரியல் சங்கம் ஒன்று ஏற்பட்டது. அங்கே வினிஃபிரெட் பெனிங்டன் என்ற தாவர நூலறிஞர், இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நாள்களிலேயே ஏரியடிச் சேற்றைக் குழாயில் எடுத்து, அதில் புதைந்த மகரந்தத் துகள்களையும் பாசிகளையும் எண்ணி, பனியூழிக்குப் பிந்திய காலத்து வரலாற்றைப் படித்து வந்தார். அதே சங்கத்து மெக்கெரெத் 1958-ல் வெளியிட்ட, அழுத்திய காற்றால் இயங்கும் குழாய்க் கருவி, ஏரியின் அடிமண்ணைக் கலையாமல் நெடுந்தூணாக எடுத்துத் தந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளை அறிய வழிகள் இருந்தனவே தவிர, கடந்த இருபது முப்பது ஆண்டில் படிந்த மேல் அடுக்குக்குத் தேதி சொல்ல நம்பத்தக்க வழி இல்லை.

1973-ல் பெனிங்டன், ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கேம்ப்ரே, ஃபிஷர் என்பவர்களுடன் சேர்ந்து அதற்கு வழி கண்டார். மழைநீரில் சீசியம் எவ்வளவு என்று ஹார்வெலார் 1950-கள் தொட்டே அளந்து குறித்து வைத்திருந்தனர். ஏரிச் சேற்றை மெல்லிய வில்லைகளாக அரிந்து ஒவ்வொன்றிலும் சீசியத்தை அளந்தபோது, ஓர் ஆழம் வரையில் ஒன்றுமில்லாமல் இருந்து, பின் தொடங்கி, உயர்ந்து, ஓர் உச்சம் கண்டு, மேலே வர வரத் தணியும் அதே வடிவம், மழைக் குறிப்பில் கண்ட அதே வடிவம், சேற்றிலும் எழுந்தது. உச்சம் நின்ற வில்லை 1963. அதன்மேல் படிந்த கனத்தைப் பத்து ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்கு எவ்வளவு வண்டல் என்ற விடை கிடைத்துவிட்டது. மகரந்தத்தை எண்ணி நூற்றாண்டுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, ஒரு தனி ஆண்டு கையில் கிடைத்தபோது உண்டான மகிழ்ச்சியை ஊகிக்கலாம்.

அந்த ஏரி நாட்டுக்கே இரண்டாவது முத்திரையும் விழுந்தது. 1986 ஏப்ரல் 26-ஆம் நாள் உக்ரேனில் செர்னோபில் அணு உலை வெடித்து, அதன் மேகம் ஐரோப்பாவைக் கடந்து பிரிட்டனுக்கு வந்த வேளையில், மே முதல் வாரத்தில், இம்மலைகளில் கனத்த மழை பெய்தது. ஏரிச் சேற்றில் 1963-க்கு மேலாக மற்றோர் உச்சம் எழுந்தது. தரையில் நடந்ததோ வேறு. சீசியம் விரைவில் களிமண்ணில் சிக்கிவிடும், ஆகவே புல் மேயும் ஆடுகளுக்குச் சில வாரமே தடை போதும் என்று அதிகாரிகள் எண்ணினர். ஆனால் அந்த மேட்டு நிலத்து மண் களிமண்ணன்று; புளித்த, இலைதழை மக்கிய கரிமண். அதில் சீசியத்தைப் பற்றிக்கொள்ளும் ஏடுகள் இல்லை. அது வேரில் ஏறி, புல்லில் ஏறி, ஆட்டின் உடலில் ஏறிக்கொண்டே இருந்தது. சில வாரம் என்று தொடங்கிய தடை முழுவதும் நீங்க 2012 ஆயிற்று. தம் மந்தைகளை விற்க முடியாமல் தவித்த அந்த மலைக் குடியானவர்கள், களிமண்ணுக்கு மெய்யான விதி எல்லா மண்ணுக்கும் மெய்யாகாது என்ற பாடத்துக்குக் கொடுத்த விலை மிகப் பெரிது.

சீசியம் சொல்வது 1954, 1963, 1986 என்று மூன்று தேதிகளே. அவற்றுக்கு இடையிலும், அவற்றுக்கு முன்னும் உள்ள ஆண்டுகளுக்கு இயற்கையே ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. எல்லா மண்ணிலும் சிறிது யுரேனியம் உண்டு. அது பல பிறவி எடுத்து ரேடியமாகி, ரேடியம் ரேடான் என்னும் வாயுவாகி, அந்த வாயு மண்ணின் துளைகள் வழியே ஆகாயத்துக்குத் தப்பி, நான்கு நாளுக்குள் பாதி சிதைந்து, கடைசியில் காரீயம்-210 ஆக மாறித் தூசியோடு ஒட்டித் தரைக்குத் திரும்புகிறது. அதன் அரை ஆயுள் 22 ஆண்டு. குண்டுகளைப்போல ஒரு காலத்தில் பெருகி ஒரு காலத்தில் ஓயாமல், ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவாக இது விழுந்துகொண்டிருப்பதால், ஏரியின் மேல் அடுக்கில் இருப்பதற்குப் பாதி எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த அடுக்குக்கு வயது 22, காற்பங்கு இருக்குமிடத்தில் 44 என்று எண்ணிக்கொண்டு போகலாம். நூறு நூற்றைம்பது ஆண்டு வரையில் எட்டலாம். வண்டலுக்குள்ளேயே இருக்கும் ரேடியத்தால் அங்கேயே பிறக்கும் காரீயத்தை மட்டும் கழித்துவிட வேண்டும்.

1963-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த கோல்ட்பர்க் முன்வைத்த இந்தக் கருத்தை ஏரி வண்டலுக்குப் பொருத்திக் காட்டிய புகழ், பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலிருந்த எஸ். கிருஷ்ணசாமிக்கும் தேவேந்திர லாலுக்கும், அவர்களோடு சேர்ந்து 1971-ல் கட்டுரை வெளியிட்ட பிரெஞ்சுக்காரர்களாகிய மார்ட்டினுக்கும் மெபெக்குக்கும் உரியது. இன்று உலகில் எந்த ஏரியின் அண்மை வரலாற்றை எழுதப் புகுபவரும் அந்தக் கட்டுரையைத் தொடாமல் செல்வதில்லை என்பதை நம் இளைஞர்களுள் பலர் அறியாதிருப்பது எனக்கு வருத்தம். வண்டல் படியும் வேகம் ஆண்டுக்காண்டு மாறினாலும் வயது கணிக்கத்தக்க முறையை 1978-ல் லிவர்பூலைச் சேர்ந்த ஆப்பிள்பியும் ஓல்ட்ஃபீல்டும் வகுத்தனர். ஆயினும் காரீயத்தின் சாட்சி மட்டும் போதாது. அது சொல்லும் 1963-ம், சீசியத்தின் உச்சம் காட்டும் 1963-ம் ஒரே ஆழத்தில் நிற்கின்றனவா என்று பார்த்த பின்னரே அறிஞர்கள் நம்புகிறார்கள். சீசியம் நீரில் கரைந்து ஏறியிறங்கிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால், குண்டுப் புளூட்டோனியத்திலிருந்து பிறந்து சேற்றைவிட்டு நகராத அமெரிசியத்தை மூன்றாவது சாட்சியாக அழைக்கிறார்கள்.

விண்டர்மியருக்கு அருகே பிளெலம் டார்ன் என்றொரு சிறு ஏரி இருக்கிறது. இந்த மூன்று சாட்சிகளையும், மண்ணின் காந்தத் தன்மையையும் சேர்த்து அதன் வண்டலை ஆராய்ந்த குழு ஒன்று 1997-ல் வெளியிட்ட முடிவு, அண்மைப் பத்தாண்டுகளில் அங்கே மண்ணரிப்பு மிகவும் விரைவுபட்டிருப்பதையும், வந்து சேர்ந்தது பெரிதும் மேல்மண்ணே என்பதையும் காட்டிற்று. மேய்ச்சல் நிலத்தில் ஆடுகளின் தொகை பெருகியதோடு அதை அவர்கள் இணைத்தனர். புல் மூடிய பச்சை மலைகள்! உழவில்லை, கலப்பை இல்லை. பார்ப்பவர்க்கு அமைதியே உருவான இடம். ஏரியின் அடி மட்டும் வேறு கணக்கு எழுதிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு பெருமழையில் என்ன நடந்தது என்று அறிய வேண்டுமானால், 53 நாள் அரை ஆயுளுடைய பெரிலியம்-7 இருக்கிறது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றின் நைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் மோதி உடைப்பதால் ஓயாமல் பிறக்கும் இது, மண்ணின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. ஆகவே ஆற்றுச் சேற்றில் பெரிலியம் இருந்தால் அந்த மண் நேற்றுவரை வெயில் கண்டது. இல்லாவிட்டால் கரை இடிந்தோ ஓடை அறுத்தோ ஆழத்திலிருந்து வந்தது.

இவ்வளவும் சொன்னபின் மறுப்பையும் சொல்லவேண்டும். 2011-ல் பார்சன்ஸ், ஃபாஸ்டர் என்ற இருவர், சீசிய முறை நிற்கும் அடிப்படைகளையே வினவினர். மழை ஒரு குன்றின் மேலும் கீழும் ஒரே சீராகத்தான் தூசியை இறக்கிற்றா? விழுந்த சீசியம் மண்துகளைப் பற்றுமுன் நீரோடு ஓடவே இல்லையா? பற்றியதை ஒருபோதும் விடுவதில்லையா? இவற்றுக்குப் பதிலும் எழுதப்பட்டது; வாதம் முற்றும் முடிந்துவிடவில்லை. சீசியம் நுண்துகளிலேயே மிகுதியாகச் சேர்வதும், நீர் நுண்துகளையே முதலில் அடித்துச் செல்வதும் சேர்ந்து, திருத்தம் செய்யாத கணக்கில் இழப்பைப் பெருக்கிக் காட்டிவிடும் என்பதும் உண்மை. என் அபிப்பிராயத்தில், ஒரு புள்ளியில் எடுத்த ஒரு குழாய் மண்ணைக்கொண்டு வயலின் தலைவிதியை எழுதுவது தவறு. பல இடங்களில் எடுத்து, மேடு எங்கே மெலிந்தது, பள்ளம் எங்கே தடித்தது என்று ஒப்புநோக்குவதற்கு இதைவிடச் சிறந்த கருவி வேறில்லை.

முத்திரையோ மங்கிக்கொண்டு வருகிறது. 1963-ல் விழுந்ததில் 2023-ல் காற்பங்கே எஞ்சிற்று. 2083-ல் பதினாறில் ஒரு பங்கு எஞ்சும். குண்டுகளில் மிகுதியானவை வெடித்தது வட கோளத்திலாதலால், தென் கோளத்து நாடுகளில் முதலிலேயே குறைவாக விழுந்தது. அங்கே இப்போதே அளப்பது அரிதாகிவிட்டது. ஆகையால் 24,110 ஆண்டு அரை ஆயுளுடைய புளூட்டோனியம்-239 பக்கம் ஆராய்ச்சியாளர் திரும்பியிருக்கிறார்கள். அது சிதையும் வரையில் காத்திராமல், அதன் அணுக்களையே நிறை நிறமாலைமானியில் எண்ணிவிடலாம்; 240-க்கும் 239-க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 0.18 என்று நின்றால் அது உலகக் குண்டுகளின் தூசி, வேறாக இருந்தால் அருகிலுள்ள ஏதோ ஓர் உலையின் கசிவு போன்ற வேறு மூலத்தது என்றும் பிரித்தறியலாம்.

சீசியம் இருக்கும்போதே செய்துவிட வேண்டிய காரியம் ஒன்றைச் சிலர் தொடங்கியிருக்கிறார்கள். முன்னோர் பல ஆண்டுக்குமுன் மண் எடுத்த அதே வயலுக்கு, அவர்கள் குறித்துவைத்த வரைபடத்தோடு போய், அதே புள்ளியில் மறுபடியும் குழாயை இறக்குகிறார்கள். அன்று இருந்த அளவிலிருந்து இயல்பான சிதைவைக் கழித்து, இன்று இருப்பதோடு ஒப்பிட்டால், இந்த இரண்டு வருகைகளுக்கும் இடையில் அந்த இடம் எவ்வளவு மண்ணை இழந்தது என்று தெரிந்துவிடுகிறது. மாசற்ற சமதரையைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. எடுத்த மண்ணை அளந்து முடித்ததும் எறிந்துவிடாமல், இடமும் நாளும் எழுதிய சீட்டோடு புட்டியில் அடைத்து, அடுத்து வருபவருக்காக அலமாரியில் வைக்கிறார்கள்.